எல் போர்டு ஒட்டிய மச்சான்

ஜூன் 8, ஞாயிறு

டயர் கடைக்காரர் புத்தாண்டுக்கு இனாமாகக் கொடுத்த இந்த டைரி ஐந்து மாதமாக வெற்றுத் தாளாகவே கிடந்தது. எழுதும்படி என் வாழ்வில் எதுவும் நடக்கவில்லை. இன்று நடந்துவிட்டது.

கொற்றவை டிரைவிங் ஸ்கூலின் முன்னாள் தலைமைப் பயிற்சியாளனும், ஈரோட்டில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனும், மீதிப் பாதியை அவர்களிடமிருந்து காப்பாற்றியவனுமாகிய அர்த்தனாரி என்னும் நான், பந்தியில் வைத்து அவமானப்படுத்தப்பட்டேன். செய்தவர் என் மனைவி தமயந்தியின் அண்ணன் சென்னியப்பன். இடம், பெருந்துறை ரோட்டில் அவர் கட்டியிருக்கும் புது வீடு. இன்று அதற்குப் புண்ணியார்ச்சனை.

மனிதர் புதிதாக ஒரு ரோபோ வேக்குவம் கிளீனர் வாங்கியிருக்கிறார். சோற்றுக் குண்டாவின் மூடி மாதிரி வட்டமாக, தரையோடு தரையாக ஊர்ந்து தானே பெருக்கும். ஊருக்குக் காட்ட வேண்டுமே, பந்தி நடக்கும்போதே அவிழ்த்து விட்டுவிட்டார். இருநூறு பேரை விட்டுவிட்டு அது நேராக என் காலுக்கு வந்தது. முட்டியது, பின்வாங்கியது, மறுபடி முட்டியது.

"பாத்து மாப்ள, குப்பைன்னு நெனச்சு இழுத்துக்கப் போவுது" என்றார் சென்னியப்பன். பந்தி சிரித்தது. அதோடு விட்டாரா? எல்லாருக்கும் கேட்கும்படி அடுத்ததையும் சொன்னார். "எங்க மாப்ள இத்தன வருசத்துல ஒரு நாளு சீமாறத் தொட்டதில்லீங்க. எந் தங்கச்சிக்கு முட்டி தேஞ்சது பின்ன எதுனாலங்கறீங்க?"

ரசம் ஊற்ற வந்தவர் சிரித்த சிரிப்பில் ரசம் என் ஜிலேபி மேல் விழுந்தது. நான் அதைத் தின்றேன். ரசத்தில் ஊறிய ஜிலேபியின் மேல் இதுவரை எந்த வீரனும் சபதம் செய்திருக்க மாட்டான். நான் செய்தேன். அவருடையதைவிடப் பெரிய ரோபோ ஒன்றை வாங்குவேன். அதைக் கொண்டே அந்த மனிதரைத் தலைகுனிய வைப்பேன். அதுவரை ஜிலேபி தொட மாட்டேன்.

ஜூன் 9, திங்கள்

தமயந்தியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மார்ச் மாதம் அவளுக்கு இடது முட்டியை எடுத்துவிட்டுச் செயற்கை முட்டி வைத்தார்கள். இன்று பரிசோதனை. எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

அவள் வெளியே போனதும், பெருக்கித் துடைப்பதற்கும் முட்டி தேய்வதற்கும் சம்பந்தமே இல்லைதானே என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இல்லை என்று எழுதி வாங்கி, கண்ணாடி போட்டுச் சென்னியப்பன் வீட்டு வாசலில் மாட்டுவதாகத் திட்டம். டாக்டரம்மா சொன்ன பதில் தேவைக்கு மேல் நீளமாக இருந்தது. இங்கே எழுத இடம் போதாது.

ஜூன் 11, புதன்

எதிரியின் கோட்டைக்குள் எனக்கு ஒரு ஒற்றர் உண்டு. சென்னியப்பனின் ஒரே மகள் யாழினி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அத்தை புருஷன் என்ற முறையில் நான் அவளுக்கு மாமா, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த வகையில் குருவும்கூட. உன் அப்பனைத் தோற்கடிக்க எந்த ரோபோ வாங்கலாம் என்று போனில் கேட்டேன். சிரித்தாள். பிறகு சரமாரியாகக் கேள்வி கேட்டாள். நிலைப்படி எவ்வளவு உயரம்? கட்டிலுக்கு அடியில் எவ்வளவு இடம்? தரையில் முடி அதிகம் விழுமா?

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தேன். வெங்காயம் அரிந்துகொண்டே தமயந்தி சொன்னாள். "நெலப்படி மூணு விரக்கடை, பூச ரூமு மட்டும் நாலு. கட்டலுக்கடியில ஒரு சாணு. பீரோவுக்கடியில சீமாறு நொழையாது, குச்சியில துணியச் சுத்தித்தான் இழுக்கோணும்."

டேப் வைத்து அளந்து பார்த்தேன். ஒரு நூல் பிசகவில்லை. இதே வீட்டில்தான் நானும் இருபத்தொன்பது வருடமாக இருக்கிறேன்.

சென்னியப்பனுடைய மெஷினின் உறிஞ்சும் சக்தி ஐயாயிரம் பாஸ்கலாம். பாஸ்கல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆறாயிரத்துக்குக் கீழே வாங்கினால் நான் அர்த்தனாரி இல்லை. இன்னொரு சிக்கல்: எந்த ரோபோவும் ஒரு விரக்கடைக்கு, அதாவது ஒரு விரல் அகலத்துக்கு மேல் ஏறாதாம். மூன்று விரக்கடைப் படிக்குச் சரிவுப் பலகை செய்யச் சொல்லித் தச்சரிடம் அளவு கொடுத்துவிட்டேன். மேட்டில் வண்டி எடுக்க நான் கற்றுக்கொடுக்காத ஆளா?

ஜூன் 14, சனி

எதிரியை அறிவதற்கு முன் குப்பையை அறிய வேண்டும். ஒரு நாளில் இந்த வீட்டில் எவ்வளவு சேர்கிறது என்ற புள்ளிவிவரத்துக்காகக் கூடத்தைப் பெருக்க முடிவு செய்தேன். சீமாற்றைத் தேடினால் அது கதவுக்குப் பின்னால் இருந்தது, ஆனால் நான் நினைத்த உருவத்தில் இல்லை. ஒரு மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டி ஆள் உயரத்துக்கு நீட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். உட்கார்ந்தபடியே பெருக்கி, ஸ்டூலை நகர்த்தி, மறுபடி உட்கார்ந்து பெருக்குவதற்கு.

மார்ச்சுக்குப் பிறகு இந்த வீடு தானாகவே சுத்தமாகி வருவதாக நான் எண்ணியிருந்தேன். அது இப்போது முக்கியமில்லை.

கூடத்துக் குப்பை நாற்பத்திரண்டு கிராம். கடுகு நிறுக்கும் தராசில் நிறுத்தேன். தமயந்தி தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தராசை மூன்று முறை கழுவினாள்.

ஜூன் 16, திங்கள்

இன்றும் பெருக்கினேன். ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு நாள் கணக்கு போதாது. குனிந்து நிமிர்ந்தால் எனக்குள் எங்கெங்கே எலும்பு இருக்கிறது என்று தனித்தனியாகத் தெரிகிறது. இந்த வேதனை எல்லாம் சென்னியப்பனின் பற்றுக் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

ஜூன் 18, புதன்

பழிவாங்கும் வழி கிடைத்துவிட்டது. இன்றைய தேதியைப் பொன் எழுத்தில் பொறிக்கலாம், டயர் கடைப் பேனாவில் நீலம்தான் வருகிறது.

எதிர்வீட்டுத் தம்பதி மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார்கள். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் தெருவில் கால் வைக்கும் முன்பே விட்ட இடத்திலிருந்து நான் பெருக்கத் தொடங்கினேன். தமயந்தி சமையலறையிலிருந்து விந்தி விந்தி வந்து சீமாற்றைப் பிடுங்கினாள்.

"ஆளு வாசப்படி தாண்டறதுக்குள்ள பெருக்கறீங்களே, இதென்ன எழவு வூடா?"

பிணத்தை எடுத்த பிறகுதான் ஆள் போன காலடியிலேயே வீட்டைப் பெருக்கிக் கழுவிவிடுவார்கள். உயிரோடு இருக்கிறவர் விடைபெற்றுப் போனால் கொஞ்ச நேரமாவது கழித்துத்தான் சீமாற்றைத் தொட வேண்டும். இல்லையென்றால் போனவர் திரும்பி வரவே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் சென்னியப்பனுக்கு நெஞ்சு முழுக்க உண்டு. பல்லி கத்தினால் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்காருகிற மனிதர்.

அவரை விருந்துக்கு அழைக்க வேண்டும். தின்னவிட வேண்டும். அவர் வாசற்படி தாண்டி, கார்க் கதவைத் திறந்து, கடைசியாக ஒரு தடவை திரும்பிப் பார்க்கும்போது, அவர் நடந்து போன சுவட்டிலேயே என் ரோபோ பெருக்கிக்கொண்டு வர வேண்டும். நான் பெருக்கினால் குற்றம். மெஷின் தானாகக் கிளம்பினால் யார் மேல் குற்றம்? பந்திக்குப் பந்தி. கணக்கு நேராகிவிடும்.

இதை நினைத்துக்கொண்டு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 21, சனி

கடைக்குப் போனேன். மூன்று ரோபோக்களைத் தரையில் விட்டார்கள். விற்கிற பெண் ஏதேதோ விளக்கினாள். நான் இரண்டு ஸ்டூல்களைத் தள்ளித் தள்ளிப் போட்டு, ஒவ்வொன்றையும் எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னேன். எட்டுப் போடாத எதற்கும் முப்பத்தொரு வருடமாக நான் லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட்டதில்லை.

முதலாவது, கிளச் பழகாத ஆள் மாதிரி விட்டு விட்டுப் போனது. பெயில். இரண்டாவது ஸ்டூலைக் கண்டாலே ஒரு முழம் தள்ளி நின்றது. இத்தனை பயந்த சுபாவம் பழிவாங்க உதவாது. மூன்றாவதற்குத் தலையில் சின்னக் கொண்டை. அது சுற்றிச் சுற்றிப் பார்த்து அறையையே படமாக வரைந்துகொள்கிறது. ஸ்டூல் காலை உரசாமல் வளைந்து வெளியே வந்தது. எட்டு இல்லை, ஆனாலும் ஏழரைக்குக் குறையாது.

"இதுல ஹாரன் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"சார், இது குப்ப எடுக்கறதுக்கு."

"குப்ப கெடக்குது. நெனச்ச நேரத்துக்குத் தானாக் கெளம்புமா, அதச் சொல்லு."

கெளம்புமாம். போனில் நேரம் குறித்துவிட்டால் நொடி தவறாதாம். பாஸ்கல் எட்டாயிரம். வேலை முடிந்ததும் தன் கூண்டுக்குத் திரும்பிப் போய் எடுத்த குப்பையை அதுவே பையில் கொட்டிக்கொள்கிறது. ஒன்றரை மாதத்துக்கு யாரும் குனிய வேண்டியதில்லை. இந்தக் கூண்டு இல்லாமல் வாங்கினால் விலை பாதிதான். கூண்டோடு வாங்கினேன். காரணம், சென்னியப்பனுடையதற்குக் கூண்டு இல்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஜூன் 22, ஞாயிறு

வரும் ஞாயிறு விருந்துக்கு வரும்படி சென்னியப்பனைப் போனில் அழைத்தேன். குரலில் தேன் ஒழுகப் பேசினேன், போனைத் துடைக்க வேண்டியிருந்தது. வழக்கமாக அழைத்தால் ரெண்டு நக்கல் அடித்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார். இன்று உடனே சரி என்றார். நடந்துகொண்டே பேசினார் போல, மூச்சு வாங்கியது.

"மாப்ள, கறிய மட்டும் கொறச்சுக்கங்க. அப்பறம் மூணு மணிக்குக் குளிகை. அதுக்குள்ள உங்க படியத் தாண்டிருவனுங்."

குளிகையில் செய்கிற காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பது அவர் கணக்கு. விருந்து முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்குக் குளிகை என்ன செய்யும்? மறுபடி வீட்டுக்குப் போவார், அவ்வளவுதானே. எப்படியோ, நேரத்தை எதிரியே குறித்துக் கொடுத்துவிட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

ரோபோ வந்து இறங்கியது. அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்று போன் கேட்டது. "மச்சான்" என்று வைத்தேன். பழைய டிரைவிங் ஸ்கூல் பெட்டியிலிருந்து சிவப்பு எல் போர்டு ஸ்டிக்கர் ஒன்றைத் தேடி எடுத்து முதுகில் ஒட்டினேன். அதன் பிறகு நாள் முழுக்க அந்தச் சுகத்தை அனுபவித்தேன். மச்சான், அங்க போய் மூலையில நில்லு. மச்சான், அந்தக் குப்பையத் தின்னு. மச்சான், கட்டலுக்கடியில போ.

சரிவுப் பலகையில் ஆறு முறை பின்னால் உருண்டது, ஏழாவது முறை ஏறியது. நான் கைதட்டினேன். தமயந்தி ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். ஸ்டூலில் அவள் சும்மா உட்கார்ந்து பார்த்தது இன்றைக்குத்தான்.

ஜூன் 27, வெள்ளி

மெஷின் கிளம்பும் நேரத்தை ஞாயிறு மதியம் இரண்டு ஐம்பத்தெட்டு என்று குறித்தாகிவிட்டது. எப்படிக் குறிப்பது என்று யாழினிதான் போனில் சொல்லிக்கொடுத்தாள். எதற்கு அந்த நேரம் என்று கேட்டாள். மெஷினுக்கு மதியத் தூக்கம் கலைய வேண்டாமா என்றேன். வழக்கமாக என் ஜோக்குக்குச் சிரிக்கிற பெண், இன்று சிரிக்கவில்லை.

"மாமா, அப்பாகிட்ட ஞாயித்துக்கெழம ரொம்ப வம்பு வெச்சுக்காதீங்க."

உன் அப்பன் பந்தியில் வைத்த வம்பு என்ன கணக்கு என்று கேட்டேன். பேச்சை மாற்றி அத்தையிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். தமயந்தி போனோடு பூசை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் ஒற்றர் இரட்டை வேலை பார்க்கிறாளோ?

ஜூன் 28, சனி

நாட்டுக்கோழி சொல்லியாகிவிட்டது. பலி கொடுக்கும் முன் நன்றாகத் தீனி போடுவது மரபு.

ஜூன் 29, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். 

பன்னிரண்டரைக்கு வந்தார். கூட வந்த டிரைவர் காரிலேயே இருந்தான். காரோட்டுவதில் என்னையே குறை சொல்கிற மனிதர் டிரைவர் வைத்துக்கொண்டு வந்ததே அதிசயம். கோழியைத் தொடவில்லை. ரெண்டு கரண்டி மோர்ச் சோறு தின்றார். மூலையில் கூண்டில் நின்ற என் எட்டாயிரம் பாஸ்கலைக் காட்டினேன். நல்லாருக்குது என்றார். எல் போர்டைப் பார்த்தும் ஒரு நக்கல் கிடையாது. பழிவாங்கப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் கிடையாது.

இரண்டே முக்காலுக்குக் கை கழுவக் கொல்லைக்கு வந்தவர், துண்டை வாங்கிக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"நான் இப்படியே கோயமுத்தூர் போறனுங் மாப்ள. செவ்வாக்கெழம நெஞ்ச அறுக்கறாங்க. மூணு அடைப்பாம். தமயந்திகிட்டச் சொல்லிப்போடாதீங்க, அந்த முட்டிய வெச்சுக்கிட்டு ஓடியாருவா."

கை கழுவ மொண்டு வைத்த தண்ணீரை என் காலிலேயே ஊற்றிக்கொண்டேன். 

"அன்னிக்குப் புண்ணியார்ச்சனைல நான் சொன்னது ஒண்ணும் பொய்யில்ல" என்றார். "ஆனாப் பந்தில வெச்சுச் சொல்லியிருக்கக் கூடாது. அது எந் தப்புதானுங்."

கூடத்துக்கு வந்தோம். தங்கையைச் சமையலறை வரைக்கும் நடந்து காட்டச் சொன்னார். அவள் நடந்தாள். திரும்பி நடக்கச் சொன்னார். நடந்தாள். சின்னக் குழந்தை முதல் அடி வைப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போயிட்டு வர்றேன் என்று சொல்லிச் செருப்பை மாட்டினார். பல்லி கத்தவில்லை. படியைத் தாண்டினார். நானும் வாசல் வரை போனேன். கை காட்டினேன். நான் என்ன நேரம் குறித்து வைத்திருந்தேன் என்பது அதுவரை எனக்கு நினைவே இல்லை.

முதுகுக்குப் பின்னால் டொய்ங் என்று ஒரு சத்தம். வேலையைத் தொடங்குவதாக ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல்.

என் கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. முப்பத்தொரு வருடம் என் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. ஒன்பதாயிரம் பேர் இடிக்கப் போன லாரி, மாடு, பால்காரர், மாரியம்மன் கோயில் சுவர் எல்லாவற்றையும் அந்தப் பிரேக்தான் காப்பாற்றியது. இப்போது காலுக்கடியில் மொசைக் தரைதான் இருந்தது. மறுபடி மிதித்தேன். அது நிற்கவில்லை. சென்னியப்பன் நடந்துபோன அதே வழியில் வாசலை நோக்கி வந்தது.

போன் எங்கே என்று தெரியவில்லை. எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று தெரியவில்லை. விழுந்து அதைப் பிடித்துத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். சக்கரம் சுற்றி என் சட்டையில் ஏறப் பார்த்தது. ஓரத்தில் இருந்த பிரஷ் என் பட்டன் இடுக்கில் சுழன்றது. தன்னைத் தரையில் விடும்படி அந்தப் பெண் குரல் கத்தியது.

கார்க் கதவைப் பிடித்தபடி சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். "என்னுங் மாப்ள, கொழந்தையத் தூக்கின மாதிரி நிக்கறீங்க?"

"சும்மா, வெயில் காட்டறனுங் மச்சான். நீங்க போயிட்டு வாங்க." இரண்டு தரம் சொன்னேன். "போயிட்டு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், வாசற்படியைப் பார்த்தார். ஏறிப் போய்விட்டார்.

ஜூன் 30, திங்கள்

நான் பிடிப்பதற்குள் அது ஒரு முழம் பெருக்கிவிட்டது. அந்த ஒரு முழம் என்னைத் தூங்கவிடவில்லை. காலையில் முதல் வேலையாக அதன் வயிற்றைத் திறந்து, எடுத்த குப்பையை எடுத்த இடத்திலேயே திரும்பக் கொட்டிவிட்டேன். கொஞ்சம் கூடவே கொட்டினேன். அதன் மேல் யாரும் மிதிக்காதபடி ஸ்டூலைப் போட்டு மறித்தேன்.

மெஷின் ரிப்பேர், ஆள் வரும்வரை வீட்டைப் பெருக்க வேண்டாம் என்று தமயந்தியிடம் சொன்னேன். புது மெஷின் அஞ்சு நாளில் எப்படி ரிப்பேர் ஆகும், சீமாறு எங்கே போயிற்று என்று கேட்பாள் என்று பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

இதை அன்பு, இரக்கம் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனிதர் போய்விட்டால் ரசம் விழுந்த ஜிலேபிக்கு நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது? எதிரி உயிரோடு இருந்தால்தான் பழி.

ஜூலை 1, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். தமயந்திக்குத் தெரியக் கூடாது என்று பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ஒரே பக்கத்தை மூன்று மணி நேரம் படித்தேன். அவள் பூசை அறையில் விளக்கேற்றிவிட்டு அரிசியில் கல் பொறுக்கினாள். பொறுக்கிய அரிசியையே மறுபடி பொறுக்கினாள். பூவரச இலை ஒன்று சன்னல் வழியாக வந்து கூடத்தில் விழுந்தது. இரண்டு பேரும் பார்த்தோம். எடுக்கவில்லை.

ஒன்றரைக்குப் போன் அடித்தது. நான் எழுவதற்குள் அந்தச் செயற்கை முட்டி என்னை முந்திவிட்டது. யாழினிதான். நல்லபடி முடிந்துவிட்டது, இன்னும் கண் விழிக்கவில்லை என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று தமயந்தியைக் கேட்டேன்.

"வெள்ளிக்கெழமையே அவ சொல்லிட்டா. உங்களுக்குத் தெரிஞ்சா ஊரையே கூட்டிப்போடுவீங்கன்னுதான் நானு மூச்சு விடல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூணு மணிக்கு நீங்க என்ன வெச்சிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா அத எதுக்குத் தூக்குனீங்கன்னு தெரியும்."

ஜூலை 3, வியாழன்

கண் விழித்துவிட்டார். பேச விடவில்லை. வீட்டில் எறும்புகள் எங்களிடம் வாடகை கேட்கும் நிலைக்கு வந்துவிட்டன. ஆனாலும் பெருக்கவில்லை.

ஜூலை 5, சனி

காலையில் கோயமுத்தூரிலிருந்து போன். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி சென்னியப்பன் குரல்.

"மாப்ள, வூட்டப் பெருக்கிக்கலாமுங். நான் பொழச்சுக்கிட்டேன்."

அப்படியானால் அன்றைக்கே அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. நெஞ்சைப் பிளக்கப் போகிற கார் பயணம் முழுக்க, அவர் போன தடத்தைப் பெருக்க நான் செய்த ஏற்பாட்டையும் நினைத்துக்கொண்டே போயிருக்கிறார்.   விட்டுக்கொடுக்கலாமா? மெஷினுக்கு வைத்திருக்கிற பெயரைச் சொன்னேன். மச்சானைத்தான் கட்டிலுக்கடியில் அனுப்பிக்கொண்டிருந்தேன், மச்சான்தான் ஒரு வாரமாகப் பட்டினி கிடக்கிறார் என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்த வேகத்தில் தையல் இழுத்துவிட்டது. "ஆ" என்று ஒரு சத்தம்.

ஒரு மாதம் நான் செய்த தவத்துக்குக் கிடைத்த வெற்றி அந்த ஒரு "ஆ" தான். மூன்று லோகமும் கேட்டிருக்கும். கேட்ட மறு நொடி சிரிக்காதீங்க மச்சான், சிரிக்காதீங்க என்று கெஞ்சினேன். அதற்கும் சிரித்தார். நர்ஸ் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிறகு பெருக்கினேன். மெஷினை விட்டிருக்கலாம், கூண்டில்தான் நின்றது. ஏனோ சீமாற்றை எடுத்தேன். மூங்கில் குச்சியை அவிழ்த்துத் தூர எறிந்துவிட்டேன், எனக்குத்தான் முட்டி நன்றாக இருக்கிறதே. தமயந்தி ஸ்டூலில் உட்கார்ந்து விரலை நீட்டிக்கொண்டே இருந்தாள். அந்த மூலை. கதவுக்குப் பின்னால. பீரோவுக்கடியில துணியச் சுத்துங்க. இந்த ஊரில் என்னிடம் படித்த ஒருவரைக்கூட நான் இவ்வளவு கடுமையாகப் பயிற்றுவித்ததில்லை. முடித்து நிமிர்ந்ததும் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். முப்பது வருடத்தில் கிடைத்த பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அதே சட்டையோடு கடைவீதிக்குப் போய், ஒரு மாதம் கழித்து இரண்டு ஜிலேபி தின்றேன். பழைய மாணவர் நாலு பேர் எதிரில் வந்தார்கள். எல்லாரும் கடந்து போன பிறகு சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். மச்சான் முதுகில் இருந்த எல் போர்டு என் முதுகில் இருந்தது.